ஐம்பதுக்கு எத்தனை? வீட்டில் வடிக்கும் ஆஸ்திரேலிய ஏலும் போட்டி மேசையும்

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரில் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து, சாற்றை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் தூவி மூடிவைத்தால் அது குற்றம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உரிமமில்லாமல் மது தயாரிப்பதைத் தடுக்கிறது. இருபது லிட்டர் பீரா, இருநூறு லிட்டர் சாராயமா என்று விசாரித்துவிட்டுத் தடுப்பதில்லை. இதே வேலையை அடிலெய்டில் ஒருவர் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாட்டில் கேட்பார். நன்றாக வந்திருந்தால் போட்டிக்கு அனுப்பச் சொல்வார்.

அந்தப் போட்டிகளில் என்ன நடக்கிறது, ஆஸ்திரேலிய பாணி ஏல் என்ற பீரை அங்கே எப்படி அளக்கிறார்கள், அந்த அளவுகோல் நம் பக்கம் ஏன் வரவில்லை என்பதே இங்கே கேள்வி. பீரின் நன்மை தீமை பற்றிய வழக்கு வேறு; அதை இங்கே இழுக்கப்போவதில்லை.

புதுக்கோட்டைச் சீமைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அது கல்யாணத்தால் வந்தது. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மெல்பர்ன் பெண் மாலி ஃபிங்க்கை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. ராஜா ஊருக்கு மனைவியோடு வந்து தங்க முடியாமல் சிட்னியில் வாழ்ந்தார், பந்தயக் குதிரைகள் வைத்திருந்தார், 1928இல் பாரிஸில் இறந்தார். சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். ஆக, புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்ததும் மதுவிலக்குக்குள் வந்ததும் ஏறக்குறைய ஒரே மூச்சில் நடந்தவை.

ஆஸ்திரேலியாவிலும் வீட்டு பீர் எப்போதும் சுதந்திரமாக இருந்துவிடவில்லை. உரிமமில்லாதவர் மிக மெலிந்த பீரை மட்டுமே வடிக்கலாம் என்ற கட்டுப்பாடு 1970களின் தொடக்கம் வரை இருந்தது. பிரதமர் கஃப் விட்லமின் அரசு வந்த கையோடு அதை எடுத்தது. பிரிட்டன் 1963இலேயே வீட்டு வடிப்புக்கு உரிமம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை வரிவிலக்கு. மூன்று நாடுகளிலும் காய்ச்சி வடிக்கும் சாராயத்துக்கு மட்டும் தடை நீடித்தது. புளிக்கவைப்பது ஒன்று, காய்ச்சி இறக்குவது வேறொன்று என்று சட்டமே கோடு கிழித்தது. நம் சட்டத்தில் இல்லாதது இந்தக் கோடுதான்.

சட்டம் வழிவிட்டதும் போட்டிகள் வர அதிக நாள் ஆகவில்லை. அமெரிக்க வீட்டு வடிப்பாளர் சங்கத்தைச் சார்லி பபாசியனும் நண்பர்களும் 1978இல் கொலராடோவின் போல்டர் நகரில் தொடங்கினார்கள். மறு ஆண்டே தேசியப் போட்டி. 1985இல் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் அமைப்பு உருவானது. பிஜேசிபி என்ற நான்கெழுத்தில் அதை உலகம் முழுவதும் அறிவார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்பர்னின் விக்புரூ போல மாநிலத்துக்கு மாநிலம் சங்கங்கள் கூடி நடத்தும் போட்டிகள் உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் மாநிலச் சுற்றில் முன்னணியில் வந்தவர்கள் தேசிய அளவிலான அமெச்சூர் போட்டிக்குப் போகிறார்கள்.

மேசையில் நடப்பது வெகு எளிமையானது. பாட்டிலில் பெயர் இருக்காது, லேபிள் இருக்காது; எண் ஒட்டிய பழுப்புக் கண்ணாடி பாட்டில்தான். குறைந்தது இரண்டு நடுவர்கள், ஆளுக்கொரு தாள். மொத்தம் 50 மதிப்பெண்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. 45ஐத் தொட்டால் உலகத்தரம். 38ஐத் தொட்டால் சிறப்பு. 30ஐத் தொட்டாலே வீட்டுக்காரர் மார்தட்டலாம். 13ஓ அதற்குக் கீழோ போனால் பிழை மலிந்தது என்று பொருள். தனித்தனியாக எழுதிய பிறகு நடுவர்கள் பேசி, எண்கள் வெகுதூரம் விலகியிருந்தால் நெருங்கி வருகிறார்கள். எண்ணோடு காரணத்தையும் எழுதியாக வேண்டும். பதக்கத்தைவிட இந்தத் தாளுக்காகவே பாட்டில் அனுப்புகிறவர்கள் அதிகம். என் மதிப்பிலும் போட்டியின் முழுப் பயன் இந்தத் தாளில்தான் இருக்கிறது. குடித்துவிட்டு ‘நல்லாருக்கு’ என்று சொல்ல உறவினர்கள் போதும். கொதி குறைந்ததா, ஈஸ்ட் சோர்ந்ததா, பாட்டிலில் காற்றுப் புகுந்ததா என்று சொல்லப் பழகிய நாக்கு வேண்டும்.

பிஜேசிபி பட்டியலில் ஆஸ்திரேலியப் பொங்கு ஏல் (ஸ்பார்க்லிங் ஏல்), 12பி என்ற எண்ணில், பிரிட்டிஷ் பொன்னிற ஏலுக்கும் ஆங்கில இந்தியா பேல் ஏலுக்கும் நடுவில் நிற்கிறது. மூன்றையும் சேர்த்து வெளிர்நிற காமன்வெல்த் பீர் என்று ஒரே தலைப்பின்கீழ் வைத்திருக்கிறார்கள். தண்ணீரை 1 என்று கொண்டால், தொடக்க அடர்த்தி 1.038 முதல் 1.050 வரை, முடிவில் 1.004 முதல் 1.006 வரை இறங்க வேண்டும். கசப்பு 20 முதல் 35 அலகு, ஆல்கஹால் 4.5 முதல் 6 சதவீதம். சர்க்கரை மிச்சமில்லாமல் ஈஸ்ட் தின்று தீர்த்த, வறட்சியான, நுரை பொங்கும் பீர் இது. பேரிக்காய், ஆப்பிள் போன்ற பழவாசனை இருக்கலாம். வாழைப்பழம் எட்டிப்பார்க்கலாம், ஆளக்கூடாது. பிரைட் ஆஃப் ரிங்வுட் என்ற ஆஸ்திரேலிய ஹாப்ஸின் மண்வாசனையும் மிளகுச் சாயலும், சில சமயம் இரும்புத் தண்ணீர் போன்ற ஓர் ஓரமும் இதற்கே உரியவை.

இந்த வகுப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாணி என்று ஒன்றை எழுத வேண்டுமானால் பல வடிப்பாலைகளின் பீரைப் பார்த்துப் பொதுத்தன்மை எடுப்பார்கள். இங்கே பார்க்க இருப்பது கூப்பர்ஸ் என்ற ஒரே குடும்பத்தின் பீர். யார்க்ஷயரிலிருந்து வந்த செருப்புத் தொழிலாளி தாமஸ் கூப்பர் 1862இல் அடிலெய்டின் நோர்வுட் பகுதியில் வடிக்கத் தொடங்கினார். நோயுற்ற மனைவிக்கு மருந்தாக வடித்ததே முதல் பீர் என்பது நிறுவனம் சொல்லிவரும் கதை. கதை பாதி மெய்யென்றாலும், 12பி வகுப்பின் மூலப்பிரதியே ஒரு வீட்டு வடிப்பு என்றாகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள் அனுப்பிய பாட்டில் ஏலோடு போட்டியிட ஆஸ்திரேலிய வடிப்பாலைகள் பல இவ்வகை ஏலை வடித்தன. 1880களின் இறுதியில் மெல்பர்னில் ஃபாஸ்டர் சகோதரர்கள் குளிர்பதன இயந்திரத்தோடு வந்து, குளிரில் புளிக்கவைக்கும் லாகரை விற்றார்கள். வெயிலில் சில்லென்ற லாகரை ருசித்த ஊர் பிறகு ஏலைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏல் என்று லேபிள் ஒட்டி லாகரை விற்றவர்களும் உண்டு. கூப்பர்ஸ் மட்டும் மாறவில்லை. சிவப்பு லேபிள் ஸ்பார்க்லிங் ஏல் 5.8 சதவீதம், பச்சை லேபிள் பேல் ஏல் 4.5 சதவீதம் என்று இன்றும் பாட்டிலின் அடியில் ஈஸ்ட் வண்டலோடு விற்கிறது. ஆகவே 12பியில் மதிப்பெண் கொடுப்பது, நடைமுறையில், ஒரு பாட்டிலை எவ்வளவு நெருக்கமாக நகலெடுத்தார் என்பதற்குக் கொடுப்பதே. இது பாணிக்குப் பலவீனம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கோ இது புதியவருக்குக் கிடைத்த வரமாகத் தோன்றுகிறது. இலக்கு கடையில் கிடைக்கிறது. வாங்கி வந்து தம் பீரின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வடிப்பாலையே வழியும் திறந்து வைத்திருக்கிறது. கெட்டியாக்கிய மால்ட் சாற்றை வீட்டு வடிப்புக்கென்று பல பத்தாண்டுகளாக விற்றுவரும் நிறுவனம் அது. டப்பா மூடியின்கீழ் ஒட்டியிருக்கும் உலர் ஈஸ்ட் வேலையை முடித்துவிடும். ஆனால் அந்தப் பேரிக்காய் வாசனைக்கு அது போதாது என்பது அனுபவசாலிகளின் தீர்ப்பு. அவர்கள் செய்வது வேறு. கூப்பர்ஸ் பாட்டிலை அசையாமல் ஊற்றிக் குடித்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் கொதித்து ஆறிய மால்ட் சாற்றில் விட்டு, சிறிது சிறிதாகப் பெருக்கி எடுக்கிறார்கள். ஆல்கஹால் குறைந்த பேல் ஏலின் வண்டலில் ஈஸ்ட் சோர்வில்லாமல் இருக்கும் என்பதால் பச்சை லேபிளுக்கே மவுசு. நம் வீடுகளில் பழைய தயிரை உறையாக எடுத்து வைப்பதற்கும் இதற்கும் முறையில் வித்தியாசம் இல்லை, சுத்தத்தில்தான் வித்தியாசம். ஒரு துளி அந்நிய கிருமி போதும். பெருக்குகிற ஒவ்வொரு படியிலும் அதுவும் சேர்ந்து பெருகும்.

மற்றவை எளிது. ஒரு வடிப்புக்கு வழக்கமான அளவு 23 லிட்டர். வெளிர் மால்ட் நான்கரைக் கிலோ அளவில். வறட்சி கூடக் கொஞ்சம் கரும்புச் சர்க்கரை சேர்ப்பாரும் உண்டு. மால்ட்டை 65 டிகிரிக்குப் பக்கத்தில், இன்னும் சற்றுத் தாழ்வாகவே, ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். சூடு ஏறினால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை கூடி, அடர்த்தி 1.010இலேயே நின்றுவிடும்; 12பியில் அது தடித்த பீர். ஹாப்ஸ் முழுவதும் கொதியின் தொடக்கத்திலேயே போகட்டும். கடைசியில் வாசனைக்கென்று அள்ளிப் போடுவது இந்தப் பாணி இல்லை.

உண்மையான போராட்டம் வெப்பத்தோடு. ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி சுகம். புளிக்கும்போது அதுவே சூட்டைக் கிளப்பி, உள்ளே சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். சித்திரை வெயிலில் இலுப்பூர், அன்னவாசல் பக்கம் 40 டிகிரியைத் தொடும்; அடிலெய்டின் ஜனவரியும் அதற்குச் சளைத்ததல்ல. அந்தச் சூட்டில் ஈஸ்ட் வெறிகொண்டு வேலை செய்து வாழைப்பழ எசென்சையும், தொண்டையில் எரிகிற கன ஆல்கஹால்களையும் கொட்டும். முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் சுவையின் பெரும்பகுதி முடிவாகிறது. பிறகு குளிர்வித்துப் பயனில்லை. பழைய ஃபிரிட்ஜில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்துவது இன்று பரவலான வழி; அது இல்லாதவர்கள் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஈரத்துணி சுற்றி, மின்விசிறியை எதிரே வைக்கிறார்கள். காற்று வறண்டிருக்கும் ஊரில் இது நன்றாகவே வேலை செய்யும்.

அடுத்த கண்டம் பாட்டில். பொங்கு ஏலுக்கு நுரைப்பு அதிகம் வேண்டும். லிட்டருக்கு 7, 8 கிராம் சர்க்கரை போட்டு மூடி, பாட்டிலுக்குள்ளேயே மறுபடி புளிக்கவிடுகிறார்கள். முதல் புளிப்பு முழுதாக முடியும் முன் மூடினால் பாட்டில் வெடிக்கும். போட்டி அறையில் வெடித்தால் அடுத்தவர் பாட்டிலுக்கும் சேதம். அடர்த்திமானியில் ஒரே எண் சில நாட்கள் நீடிக்கும்வரை பொறுப்பதுதான் மருந்து.

நடுவர் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் புகார்கள் ஒரு கை அளவுதான். பச்சை ஆப்பிள் வாசனை என்றால் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன் அவசரப்பட்டார் என்று அர்த்தம். உருகிய வெண்ணெய் வாசனையும் பெரும்பாலும் அதே அவசரம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் பாட்டிலில் அடைக்கும்போது காற்றுப் பட்டுவிட்டது. கிராம்போ காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியோ வீசினால் காட்டு ஈஸ்ட் புகுந்தது அல்லது குழாய்த் தண்ணீரின் குளோரின் தங்கியது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து முடைநாற்றம் எடுக்கும். நல்ல வெயிலில் பச்சை பாட்டிலுக்குச் சில நிமிடமே போதும். பழுப்புக் கண்ணாடி கேட்பது அதற்காக.

வண்டலைப் பற்றிய கவலை தேவையற்றது என்பேன். ஊற்றும் முன் பாட்டிலைப் படுக்கவைத்து உருட்டி வண்டலைக் கலக்குவது கூப்பர்ஸ் குடிப்பவர்களின் வழக்கம். போட்டிக்கு அனுப்புகிறவரோ, கலங்கலாக ஊற்றிவிடுவார்களோ, தெளிவாக ஊற்றி ‘கலங்கல் இல்லை’ என்று வெட்டுவார்களோ என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார். பாணிக் குறிப்பு இரண்டையும் ஏற்கிறது. ஏற்காமல் போனாலும் தோற்றத்துக்கு மொத்தமே 3 மதிப்பெண். மூக்குக்கும் நாக்குக்கும் சேர்த்து 32 இருக்கிறது.

பலர் தோற்பது பிழையால்கூட இல்லை, வகுப்பு மாறி அனுப்புவதால். இன்றைய ஆஸ்திரேலிய ஏல் என்றதும் இளைஞருக்கு நினைவு வருவது கேலக்ஸி ஹாப்ஸ். பேஷன் பழ வாசனை தூக்கலாக இருக்கும். பைரன் பே ஊரின் ஸ்டோன் அண்ட் வுட் 2008இல் தொடங்கிப் பிரபலமாக்கிய பசிபிக் ஏல் அந்த வகை. அருமையான பீர்தான். ஆனால் அதை 12பியில் வைத்தால் நடுவர் பேரிக்காயைத் தேடுவார், பேஷன் பழத்தைக் கண்டு முகம் சுளிப்பார். ஆஸ்திரேலியாவில் வடித்தது வேறு, ஆஸ்திரேலியப் பொங்கு ஏல் வேறு.

இனி நம் பக்கம். தமிழ்நாட்டில் மதுவிலக்கின் வரலாறு சேலத்தில் 1937இல் ராஜாஜி தொடங்கியதிலிருந்து, 1971இல் தளர்ந்து, சில ஆண்டுகளில் மீண்டும் இறுகி, 1981இல் திறந்து, 1987இல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டு, 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது வரை மாறி மாறிப் போயிருக்கிறது. எந்தத் திருப்பத்திலும் வீட்டில் தன் தேவைக்கு வடிப்பவர் என்ற ஓர் ஆளைச் சட்டம் கற்பனை செய்யவில்லை. அதன் கண்ணில் இருப்பவர்கள் அரசு, உரிமம் பெற்ற ஆலை, கள்ளச்சாராயக்காரர் ஆகிய மூவரே.

காரணம் இல்லாமலில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நடந்த கள்ளச்சாராயச் சாவுகள் கண்முன் நிற்கின்றன. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராய வழக்குகளில் ஆயுள் தண்டனை வரை வந்தது. அந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால். தொழிற்சாலைக் கரைப்பானாக வந்து பாக்கெட்டில் கலந்தது. உடம்பில் அது ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தின்கிறது. பார்லியைப் புளிக்கவைத்த பீரில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் கொல்லையில் மூடிவைத்த பாத்திரத்தைக் கண்ட காவலருக்கு அதை நம்பவேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்லும் அளவுகோல் பொதுவெளியில் இருந்தால்தான் சட்டமும் பிரித்துப் பார்க்கும். தாளும் எண்ணும் நடுவர் தேர்வும் சட்டம் திறந்த பிறகு வந்தவை என்பது உண்மை; திறந்த கதவு மறுபடி மூடாமல் காத்துநிற்பவையும் அவையே. கள் இறக்கும் உரிமைக்காக இங்கே ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி நடக்கிறது. கள் உணவா போதையா என்று மேடையில் வழக்காடுகிறார்கள். எந்தக் கள் நல்ல கள், எந்த மணிக்குள் இறக்கியது, எப்போது புளிப்பு மிஞ்சியது என்று தாளில் எழுதி எண் போடும் பழக்கம் மட்டும் அங்கேயும் வரவில்லை.

நமக்கு வடிப்பே தெரியாது என்பதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் அரிசியைக் கூழாக்கி, அகன்ற தட்டில் ஆறவைத்து, அடை கலந்து, சாடியில் இரண்டு இரவும் இரண்டு பகலும் விளையவிடும் முறை படிப்படியாக வருகிறது. நீலகிரியில் 1857இலேயே கேசில் வடிப்பாலை இருந்தது. அதுவும் வேறு சில தென்னிந்திய ஆலைகளும் 1915இல் சேர்ந்ததே யுனைடெட் புரூவரீஸ். வடகிழக்கில் சில மாநிலங்கள் பழங்குடி வீடுகளின் அரிசி பீரை விட்டுவைத்திருக்கின்றன; அசாமின் திமாசா மக்களுடைய ஜூதிமா 2021இல் புவிசார் குறியீடும் பெற்றது. இலங்கை மலையகத்தில், தேயிலைத் தமிழர் வாழும் நுவரெலியாவில் பிறந்த வடிப்பாலையின் லயன் ஸ்டவுட், பிஜேசிபியின் வெப்பமண்டல ஸ்டவுட் வகுப்புக்கு முன்மாதிரிகளில் ஒன்றாக அச்சில் இருக்கிறது. நம் கடற்பக்கத்திலிருந்து ஒரு பாட்டில் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே ஏறிவிட்டது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

இலுப்பூரில் இருந்துகொண்டு இன்றைக்குச் சட்டத்துக்குள் செய்யக்கூடியது நாக்கைப் பழக்குவது ஒன்றே. நடுவர் தேர்வின் முதல் கட்டம் இணையத்தில்; இரண்டாம் கட்டத்தில் ஆறு பீரைச் சுவைத்துத் தாள் எழுத வேண்டும். டாஸ்மாக்கில் பெரும்பாலும் கிடைப்பது உறையக் குளிர்ந்த லாகர், அதிலும் ஸ்ட்ராங். குளிர் சுவையை மறைக்கும், ஏல் கைக்கு வராது. பெங்களூரு, புதுச்சேரி போன்ற ஊர்களில் அங்கேயே வடித்து ஊற்றும் பப்களுக்குப் போகும்போது கூர்ந்து குடிப்பதுதான் பயிற்சி.

மெல்பர்னுக்கோ சிட்னிக்கோ பிழைக்கப் போன இலுப்பூர்க்காரருக்குக் கதை வேறு. விற்காதவரை வீட்டு பீருக்கு அங்கே வரியும் இல்லை, உரிமமும் இல்லை. அவர் கூப்பர்ஸ் வண்டலைப் பெருக்கி முதலில் சுத்தமான 12பி ஒன்றை வடித்து, தாள் வாங்கிப் பார்ப்பது நல்லது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று கேட்டு வளர்ந்தவர் அதோடு நிற்கமாட்டார். கரும்புச் சர்க்கரைக்குப் பதில் பனங்கருப்பட்டி போடத் தோன்றும். போட்டால் நிறம் கறுக்கும், புகைவாசனை ஏறும்; 12பியில் அது 25ஐத் தாண்டுவது கஷ்டம். பிஜேசிபி பட்டியலைப் பின்பற்றும் போட்டியானால் 31பி, மாற்றுச் சர்க்கரை பீர் என்ற வகுப்பு அதற்கென்றே இருக்கிறது. விண்ணப்பத்தில் எந்தப் பாணியை அடிப்படையாகக் கொண்டது, எந்தச் சர்க்கரை என்று இரண்டையும் குறிப்பிட வேண்டும். நடுவருக்குக் கருப்பட்டி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே பனைமரத்துப் பதநீரைக் காய்ச்சிக் கெட்டியாக்கியது, புகையும் லேசான உப்பும் கலந்த இனிப்பு என்று ஒரு வரி சேர்த்து எழுதினால், அவர் புகைவாசனையைப் பிழையென்று வெட்டமாட்டார்.